தானாக முளைத்த கொடி

மார்ச் 4
சங்குப்பூ இன்று ஒரு கை நிறைய. வெந்நீரில் போட்டு மாமனாருக்குக் கொடுத்தேன். “நல்லாருக்கும்மா.” எதைக் கொடுத்தாலும் மாமாவின் சான்றிதழ் இதுதான். உரக்குழியில் தானாக முளைத்த சுரைக்கொடி ஒரு காய் விட்டிருக்கிறது. நான் விதைக்கவே இல்லை. பெருமை மட்டும் எனக்கு.

மார்ச் 9
காயைப் பறித்தேன். பாதியைச் சாறாக்கி மாமாவுக்குக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். “நல்லாருக்கும்மா.”

அதே நாள், மதியம்
மாமாவுக்கு வாந்தி நிற்கவில்லை. கடைசியாக வந்ததில் ரத்தம். ஆம்புலன்ஸ் வருகிறதாம். எங்கே வருகிறது? சும்மா உட்கார முடியாமல் இதை எழுதுகிறேன்.

மார்ச் 10
ஐ.சி.யூ. வாசல். இறங்கிய ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. டாக்டரம்மா கேட்டார்: “சாறு கசந்துச்சா? கசக்கிற சுரைக்காய் விஷம்மா.” தெரியவில்லை. நான் நாக்கில் வைத்தே பார்க்கவில்லை. வெளியூரிலிருந்து கணவர் போனில், “ருசி பார்க்காமலா அப்பாவுக்குக் கொடுத்தே?” என்றார். போனை வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 11
மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஃபிரிட்ஜில் மீதிப் பாதி. துளி கிள்ளி நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன். எத்தனை கொப்பளித்தும் கசப்பு போகவில்லை. இதையா ஒரு டம்ளர் குடிச்சீங்க? ‘சீ’ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மாமா? கடவுளே, அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. என் கையாலேயே கொடுத்தேனே—
கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

மார்ச் 12
கண் திறந்தார். நம்பப் பயமாக இருக்கிறது.

மார்ச் 14
வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். “கசந்துச்சுன்னு ஏன் மாமா சொல்லல?” என்று கேட்டேன். “நீ ஆசையா எதிர்லயே நின்னுட்டிருந்தியேம்மா” என்றார்.

மார்ச் 20
வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போதெல்லாம் எதைப் பறித்தாலும் பச்சையாகக் கிள்ளித் தின்று பார்த்த பிறகுதான் அடுப்பு. வெண்டைக்காயைக்கூட விடுவதில்லை.
இன்று பூசணிப்பூவை வதக்கிக் கஞ்சியோடு வைத்தேன். ஒரு வாய் தின்றவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.
“உப்பு ஜாஸ்திம்மா” என்றார்.
நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் சொன்ன முதல் குறை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நன்றாக அழுதுவிட்டு, வேறு பூ பறித்துவந்து வதக்கினேன்.