அம்மை மாதிரிதான் என்று நான் சொன்னது

என்றும் என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வரி ஏதாவது வந்தால் அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். இதுவரை மூன்று தாள்கள் வீணாகிவிட்டன.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முதலாண்டுத் திதி. தெலுக் இந்தானிலிருந்து அத்தை வருகிறார், பீடோரிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது. "பவி, நீதான் நல்லா எழுதுவியே, அப்பாவைப் பத்தி நாலு வரி எழுதி வைலா. சாமி கும்பிட்டதும் படிக்கலாம்" என்று அத்தை போனில் சொன்னார். நாலு வரியில் இது அடங்காது அப்பா.

வீட்டில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அம்மா இன்னும் கையுறைத் தொழிற்சாலைக்குத்தான் போகிறார், இப்போது காலை ஷிப்ட். கதவுக்குப் பின்னால் உங்கள் தொப்பி தொங்குகிறது. ஆப்பிரிக்காச் செம்மண் அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. யாரும் துடைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தீபாவளி விடுமுறைக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்து நீங்கள் வந்து இரண்டாவது வாரம். மத்தியானம் பள்ளி விட்டு வந்தேன். நீங்கள் கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் தடித்த போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். வெளியே அவ்வளவு வெயில்.

"இது அந்த ஊர் காய்ச்சல் மாதிரியே இருக்கும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்த்துட்டு வந்துரலாமா?" என்று கேட்டீர்கள். மோட்டார் சைக்கிள் சாவி உங்கள் கையில் இருந்தது. இதை நான் மறக்கவே முடியாது. சாவி கையில் இருந்தது.

அந்த மாதம்தான் உயிரியல் வகுப்பில் நோய் எதிர்ப்புச் சக்தி பாடம் நடந்திருந்தது. ஒருமுறை வந்த கிருமியை ரத்தம் ஞாபகம் வைத்திருக்கும் என்று படித்திருந்தேன். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பேசினேன்.

"அப்பா, உங்களுக்குத்தான் அங்க ரெண்டு வாட்டி மலேரியா வந்துருச்சே. உடம்புக்கு இப்ப அதைத் தெரியும். அம்மை மாதிரிதான். எனக்கு ஒண்ணாம் வகுப்புல அம்மை போட்டுச்சே, திரும்ப வந்துச்சா? இது டெங்கிதான்லா. நம்ம வரிசையிலயே மூணு வீட்டுக்கு வந்திருக்கு."

நீங்கள் சிரித்தீர்கள். "டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன" என்று சாவியை டிவி மேல் வைத்தீர்கள். நான் ஓடிப்போய்ப் பின்பக்கத்திலிருந்து பப்பாளி இலை பறித்து வந்து சாறு பிழிந்தேன். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுக்கக் குடித்தீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சத்தம் போட்டார். "ரத்தம் பார்க்கப் போங்கன்னா கேக்குறீங்களா? சின்னப் பிள்ளையா நீங்க?"

நீங்கள் ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். பிறகு அம்மாவிடம், "எனக்குத் தெரியும் விடு. இது டெங்கிதான். ரெண்டு நாள்ல போயிரும்" என்றீர்கள்.

பவி சொன்னாள் என்று ஏன் சொல்லவில்லை அப்பா? நான் திட்டு வாங்குவேன் என்றா? அல்லது நான் சொன்னதை அவ்வளவு நம்பிவிட்டீர்களா? இரண்டில் எது என்று தெரிந்தால்கூட எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை.

வியாழக்கிழமை விடியும்போது உங்களுக்குப் பேச்சு குழறியது. ஆம்புலன்ஸ் வந்தது. எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்த உடனே டாக்டரின் முகம் மாறியது. ரத்தத்தில் மலேரியா இருந்தது. "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சனிக்கிழமை நீங்கள் இல்லை.

அன்றிலிருந்து துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் அம்மா சொன்னது ஒன்றுதான். "பிடிவாதம். போகச் சொன்னேன், போகல. பிடிவாதம் புடிச்சே போயிட்டாரு." நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மலேரியா தடுப்பூசியை எடுத்தேன். ஏன் அந்தத் தலைப்பு என்று எங்கள் உயிரியல் ஆசிரியர் கேட்டபோது, "சுவாரசியமா இருக்கு சிகு" என்று பொய் சொன்னேன். நான் எங்கே தப்பு செய்தேன் என்று பார்க்க வேண்டியிருந்தது.

கண்டுபிடித்தேன் அப்பா. மலேரியாக் கிருமி ஒன்று அல்ல. பெயர்தான் ஒன்று. அதன் மேல்தோலில் இருக்கும் புரதம் ஊருக்கு ஊர், ஏன், ஒரே ஊரில் ஆளுக்கு ஆள் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி அவற்றில் ஒரே ஒரு வகையின் புரதத்தைப் பார்த்துச் செய்தது. அதே சாயலில் வரும் கிருமியை உடம்பு நன்றாகத் தடுக்கிறது. சாயல் மாறி வருவதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. போகப்போக அந்தச் சக்தியும் குறைந்துவிடுகிறது. அப்படியும் அது நிறையக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. அதையும் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். பாதி உண்மை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இதை எப்படிக் காட்டுவது என்று யோசித்தபோது ரப்பர் கொட்டை ஞாபகம் வந்தது. ஒரு மரத்துக் கொட்டையில் இருக்கும் புள்ளியும் கோடும் அடுத்த வகை மரத்தில் இருக்காதே. அம்மாவின் ஓய்வு நாளில் இருவரும் செமோர் பக்கம் போனோம். வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள் அங்கே ஒரு மூலையில் இன்னும் நிற்கின்றன. அம்மா குனிந்து குனிந்து பொறுக்கினார். "உங்கப்பா இருந்தா எது எந்த மரத்துக் கொட்டைன்னு பார்த்ததும் சொல்லிருவாரு" என்றார். பிறகு ஒன்றைச் சிமெண்டுத் திண்டில் பரபரவென்று தேய்த்து என் கையில் வைத்தார். நான் அலறினேன். "சுட்டுச்சா? நாங்க சின்னதுல இப்படித்தான் சூடு வச்சு விளையாடுவோம்" என்று சிரித்தார். ஒரு வருடத்தில் அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். சிரிப்பைக் கெடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இல்லை, அந்த வரியை அடிக்கிறேன். பயந்துதான் சொல்லவில்லை.

நேற்று கண்காட்சி. என் மேசையில் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். வருகிறவருக்கு ஒரே ஒரு கொட்டையை, பத்து எண்ணும்வரை காட்டுவேன். பிறகு தட்டு நிறையக் கலந்து வைத்திருப்பதிலிருந்து அதைப் போன்றவற்றை மட்டும் பொறுக்கி வெளியே போட வேண்டும். ஷிப்ட் முடிந்து அம்மா வந்தபோது மண்டபத்தில் பாதி மேசை காலி. தொழிற்சாலைச் சட்டையோடு நின்று கவனமாக ஏழு கொட்டைகளைப் பொறுக்கினார்.

"சரியா?"

"சரிம்மா. ஏழும் சரி."

"அப்ப தட்டுல மீதி இருக்கிறது?"

"அதெல்லாம் உடம்புக்குள்ள போயிரும்மா. ஊசிக்கு அதைத் தெரியாது."

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊசிக்குச் சரி. காய்ச்சலே வந்து போன உடம்புக்கு?"

"அதுக்கும் இப்படித்தான்மா. திரும்பத் திரும்ப, ரொம்ப வருஷம் வந்தாத்தான் கொஞ்சம் தாங்கும். ஒண்ணு ரெண்டு வாட்டி வந்தது பத்தாது."

"அப்பாவுக்கு ரெண்டு வாட்டி வந்துச்சே."

அப்போதுதான் சொன்னேன். சாவி, அம்மை, டெங்கி, பப்பாளி இலை, நீங்கள் என்னைப் பார்த்தது, எல்லாவற்றையும். பள்ளிக் காவலுக்கு இருக்கும் ஜாகா ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார்.

"தெரியாம சொன்ன. அது சரி" என்றார் அம்மா கடைசியில். "படிக்கிற பிள்ளை, அரைகுறையா சொல்லிட்ட. அவரும் நம்பிட்டாரு. ஆனா ஒரு வருஷமா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அந்த மனுஷனைப் பிடிவாதக்காரர்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே. நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்த, பவி?"

அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்ததும் இதை நானே எழுந்து நின்று படிப்பேன். அத்தை, சித்தப்பா எல்லார் முன்னாலும், ஒரு வரியும் விடாமல். அப்பா பிடிவாதம் பிடிக்கவில்லை, அன்று போகத் தயாராகத்தான் இருந்தார், நிறுத்தியது நான் என்று சொல்வேன். இனி என் வாழ்நாளில் யார் உங்களைப் பிடிவாதக்காரர் என்றாலும் அந்த இடத்திலேயே திருத்துவேன். இது சத்தியம்.

நேற்று அம்மா அழுதாரா என்று கேட்பீர்கள். தெரியவில்லை அப்பா. கையில் இருந்த ஏழு கொட்டைகளையும் பைக்குள் போட்டது மட்டும் சத்தத்தில் தெரிந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை. ஜாகா அதற்குள் மண்டபத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்.

நீங்கள் நம்பிய,
உங்கள் மகள்
பவித்ரா