அரக்குக் கயிறும் ஏழு கண்ணாடித் தட்டும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
25-3-1973, ஞாயிறு

என் கண்ணு கலாவதிக்கு அம்மா எழுதறது. குமரகோட்டத்து முருகன் தயவுல இங்க எல்லாரும் கையும் காலுமா நல்லா இருக்கோம், நீயும் அங்க வேளாவேளைக்குத் தின்னு தெம்பா இருக்கணும்னு விளக்கு ஏத்தும்போதெல்லாம் கேட்டுக்கினு இருக்கேன். எக்ஸ்பிரஸ் தபால்னதும் பதறி இருப்பே, யாருக்கும் ஒண்ணும் இல்ல. உன் நைனாவுக்கு இருமல் விட்டுடுச்சு, தறியில உக்கார ஆரம்பிச்சுட்டாரு. வாலாஜாபாத் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பச்சை உடம்பும் அரக்குக் கரையுமா சேலை கேட்டிருக்காங்க, முந்தானை ஓடிக்கினு இருக்குது. உத்தரத் திருவிழா போன வாரம் முடிஞ்சுது, கூட்டத்துல உன் அண்ணன் சம்பந்தம் புதுச் செருப்பைத் தொலைச்சுட்டு வந்தான், போன வருஷமும் அதே உத்தரத்துலதான் தொலைச்சான், அவனுக்கு ஞாபகம் இல்ல, எனக்கு இருக்குது.

உன் மாசி மாசக் கடுதாசியைப் பேத்தி தேவகிகிட்ட குடுத்து ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். மூணு தடவை வளர்த்தும் மூணு தடவையும் வேற கிருமி வந்து விழுந்து கெட்டுப்போச்சு, ஏப்ரல் பத்துக்குள்ள ஒரே ரகமா சுத்தமா வளர்த்துக் காட்டலைன்னா இந்த வருஷம் பட்டம் இல்லன்னு புரொபசரம்மா சொல்லிட்டாங்க, கை கழுவுறேன், ஸ்பிரிட்டால துடைக்கிறேன், எரியற விளக்கு பக்கத்துலயே வச்சு வேலை பண்றேன், அப்பவும் வருதுன்னு எழுதி இருந்தே. அன்னிக்கு எனக்குக் கிருமின்னா என்னன்னே சரியா தெரியாது. பட்டம் இல்லங்கிறது மட்டும் புரிஞ்சுது, உடனே உன் அத்தை லோகாம்பாள் மூஞ்சிதான் கண்ணு முன்னால வந்து நின்னுது.

நான் எதையும் மறக்கறவ இல்லன்னு உனக்குத் தெரியும். நீ ஸ்காலர்ஷிப் வாங்கிக்கினு பரோடாவுக்கு ரயில் ஏறினது எழுவத்தொண்ணுல ஆனி பதிமூணு, ஞாயித்துக்கிழமை. நம்ம வாசல்ல நின்னுக்கினு உன் அத்தை, வெத்தலையைக் கன்னத்துல ஒதுக்கிக்கினு, கிருமி வளர்க்கவா அண்ணி அம்மாந்தூரம் அனுப்புறே, நம்ம கஞ்சிப் பானையை நாலு நாள் மூடி வச்சா வளராதா, பாரு, எண்ணி ரெண்டு வருஷத்துல பட்டம் இல்லாம பெட்டியோட வந்து நிப்பான்னு சொன்னா. சொல்லிட்டு எச்சிலைத் துப்பினது நம்ம கோலத்து மேல. அந்த வாயும் கண்ணும் உன் மேல படக்கூடாதுன்னுதான் அவ எதிர்லயே, தறியில மிச்சமான அரக்குப் பட்டு நூலை ஏழு இழை முறுக்கி, முருகன் கால்ல வச்சு எடுத்து வந்ததை உன் இடது கையில ஒண்ணும் என் கையில ஒண்ணுமா கட்டினேன். நீ ஊர் திரும்பற வரைக்கும் கழட்டக்கூடாது, என் தலை மேல ஆணைன்னு சத்தியம் வாங்கினேன். கட்டின முடிச்சு உனக்குத் தெரியும், தறியில விரிச்ச பாவுல இழை அறுந்தா நாம போடற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன மாசக் கடைசியில நம்ம தேவகி வந்து ஆயா இட்லிப் பானையைக் குடுன்னா. எதுக்குடின்னு கேட்டா பள்ளிக்கூடத்துல எக்சிபிஷன், அவங்க சயன்ஸ் வாத்தியார் தேவசகாயம் கேட்டாராம். உருளைக்கிழங்கு வேக வச்ச தண்ணியில சர்க்கரையும் கடல்பாசியும் போட்டுக் காய்ச்சி, மூடி போட்ட கண்ணாடித் தட்டுங்களையும் அந்தக் கஞ்சியையும் நம்ம இட்லிப் பானையில ஆவியில அவிச்சு எடுத்தாங்களாம். இட்லி அவிக்கிற பானையில கிருமிக்குச் சோறு பொங்கறீங்களான்னு அவளை வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அதுக்கப்புறம் ஒரு நாள் கையில ஒரு தட்டோட வந்தா, ஆயா கையைக் குடுன்னா, மணிக்கட்டைப் பிடிச்சு அந்தக் கயிறைத் தட்டுல உறைஞ்சிருந்த பாசி மேல ஒத்தி எடுத்துட்டு மூடியைப் போட்டுக்கினு ஓடிட்டா. பக்கத்து வீட்டுக்குப் போய் லோகாம்பாள் மோதிரத்தையும் அப்படியே ஒத்திக்கினு போனாளாம். கழுதை விளையாடுதுன்னு நான் விட்டுட்டேன்.

வெள்ளிக்கிழமை எக்சிபிஷன். போனேன் கலா. சுவத்துல நுண்ணுயிரியல்னு கொட்டை எழுத்துல எழுதி மாட்டி இருந்துது, புது வார்த்தை, எழுத்துக்கூட்டிப் படிச்சேன், உன் படிப்புப் பேரு, எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு. மேஜை மேல வரிசையா ஏழு தட்டு. கழுவாத கை, சோப்பு போட்ட கை, பத்து பைசா, தலைமயிர்னு ஒவ்வொண்ணா சீட்டு ஒட்டி இருந்தாங்க. முதல் தட்டு எதையுமே தொடாதது, அது கண்ணாடி மாதிரி சும்மா இருந்துது. மத்ததுல எல்லாம் புள்ளி புள்ளியா, மஞ்சளும் வெள்ளையுமா, கோலமாவு சிந்தினாப்ல. கடைசித் தட்டுகிட்ட வந்தேன். நான் சீட்டைப் படிக்கல, படிக்க வேண்டியதே இல்ல. கயிறு அங்க இல்ல, என் கையிலதான் இருக்குது, ஆனா தட்டுல கயிறு கிடக்குது. அதே நீளம், அதே வளைவு, நான் போட்ட முடிச்சு போட்ட இடத்துலயே முடிச்சு. எல்லாம் தானா முளைச்சு எழுந்தது. பச்சையா, பஞ்சு மாதிரி வெள்ளையா, முடிச்சு கிட்ட ஒரு சிவப்பு, நம்ம சாயக்காரர் ஆயுசுக்கும் அந்தச் சிவப்பை இறக்கி இருக்க மாட்டாரு. என் கையைப் பார்க்கறேன், தட்டைப் பார்க்கறேன். ரெண்டு வருஷமா இதுங்களை எல்லாம் கையில கட்டிக்கினு சாமி கும்பிட்டிருக்கேன், சோறு பிசைஞ்சிருக்கேன், பேரனைத் தூக்கி இருக்கேன், ஒரு நாள்கூடத் தெரியல.

பக்கத்துல வந்து நின்ன லோகாம்பாள், அண்ணி, உன் பக்தி எப்படி வளர்ந்து கிடக்குது பாருன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா. அவ மோதிரத் தட்டுல வந்தது என் கயிறுல பாதிகூட இல்ல, அதுவும் உண்மைதான். வச்சுக்கோன்னு விட்டுட்டேன், கணக்கு என்கிட்ட இருக்குது.

தேவசகாயம் வாத்தியார் நல்ல மனுஷன். என் மூஞ்சியைப் பார்த்துட்டு, வாங்கம்மா கிட்ட வந்து பாருங்கன்னு, அந்தப் பச்சையில ஊசிமுனை அளவு எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சாரு. முதல்ல என் கண் இமைதான் தெரிஞ்சுது. அவரு எதையோ திருகினாரு. ஐயோ கலா, நான் எப்படிச் சொல்லுவேன், உள்ள ஒரு பாவு விரிச்சிருக்குது. இழை இழையா, கண்ணாடி நூல் மாதிரி, ஒண்ணு ரெண்டா பிரிஞ்சு, பிரிஞ்சது மறுபடி பிரிஞ்சு, ஒவ்வொரு நுனியிலயும் மணி கோத்தாப்ல சரம் சரமா. நாப்பது வருஷமா பட்டுல இருக்கறவ நான், அத்தனை மெல்லிசா இழை நான் பார்த்ததில்ல. இதை யாரு சார் நெய்யறதுன்னு கேட்டேன். யாரும் இல்லம்மா, அதுவே நெய்ஞ்சுக்குதுன்னாரு. அந்த மணிங்கதான் விதையாம், கை ஆடினா உதிரும், காத்துல பறக்கும், விழுந்த இடத்துல முளைக்கும்னாரு. கிருமின்னா அழுக்கு, அருவருப்புன்னு நினைச்சுக்கினு இருந்தேன். இத்தனை அழகா இருக்கும்னு நீ ஒரு கடுதாசியிலகூட எழுதலையே. இல்ல, எழுதி இருப்பே, எனக்குத்தான் புரியல.

உதிரும்னு அவரு சொன்னதும் எனக்கு உன் கைதான் ஞாபகம் வந்துது. சார், எம்பொண்ணு பரோடாவுல இதே படிப்புப் படிக்குது, அவ கையிலயும் இதே கயிறு இருக்குது, தட்டெல்லாம் கெட்டுப்போவுதாம்னு சொன்னேன். அவரு, நான் அவங்க வேலையைப் பார்த்ததில்லம்மா, ஆனா இம்மாம் விதையைக் கையில கட்டிக்கினு தட்டைத் திறந்தா, விழுந்துச்சேன்னு ஆச்சரியப்பட மாட்டேன்னாரு.

வீட்டுக்கு வந்து உன் கடுதாசிங்களை எல்லாம் எடுத்து வச்சேன். தை மாசம் கடைசி வரியில, அம்மா உன் கைக்கயிறு இன்னும் இருக்குதான்னு கேட்டிருக்கே. எம்பொண்ணுக்கு என் மேல எம்மாம் பாசம்னு தெருவெல்லாம் சொன்னேன். மாசி முதல் கடுதாசியில, பழசாயிடுச்சா, மாத்தலாமான்னு கேட்டே. அடுத்ததுல, அது தானா அறுந்துட்டா நீ என்ன பண்ணுவேன்னு கேட்டே. நான் பாவி, அறுந்துதுன்னா என் உசுரே போச்சுன்னு வச்சுக்கோன்னு பதில் எழுதினேன். கயிறுதான் காரணம்னு உனக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுக்கினே, என் தலைக்குப் பயந்து, வெள்ளைக் கோட்டுக் கைக்குள்ள அதை மறைச்சுக்கினு, மூணு தடவை திட்டு வாங்கினியே கண்ணு. லோகாம்பாள் வாக்கு பலிக்கக்கூடாதுன்னு நான் கட்டின கயிறு, அவ வாக்கைப் பலிக்க வைக்கப் பார்த்துது.

உன் நைனா உடனே தந்தி அடிக்கிறேன்னு கிளம்பினாரு. என்னன்னு அடிப்பீங்கன்னு கேட்டேன். கயிறை அறு, அம்மான்னு அடிக்கிறேன்னாரு. பொம்பளைப் பிள்ளைக்கு அப்படி ஒரு தந்தி போனா நடுவுல படிக்கிறவன் என்ன நினைப்பான்னு சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன். அதான் இந்த எக்ஸ்பிரஸ் தபால்.

இன்னிக்குக் காலையில தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு, தறியில இழை கத்தரிக்கிற கத்தரியால என் கயிறை அறுத்தேன். முடிச்சு கடைசி வரைக்கும் அவிழவே இல்ல. மணி பதினொண்ணு ஆவுது, தலை கழுத்து மேலதான் இருக்குது, காலையில நாலு இட்லி உள்ள போச்சு. ஆணை போட்டவ நான், எடுத்துட்டேன், முருகன்கிட்டயும் சொல்லிட்டேன். நீயும் இதைப் படிச்ச கையோட அறுத்துடு. கால்ல மிதிபடற இடத்துல போடாதே, உன் வேலை விளக்கு இருக்குதே, அந்த நெருப்புலயே காட்டிடு. அந்தக் கையைத் தேய்ச்சுக் கழுவு, கோட்டையும் துவை. அப்புறமா நாலாவது தடவை வளர்த்துப் பாரு. அதுலயும் கெட்டா அது கயிறால இல்ல, அதுக்காக அழாம வேற காரணம் தேடு. பட்டம் வந்தா வரட்டும், அடுத்த வருஷம் வந்தாலும் வரட்டும், பெட்டியைக் கட்டிக்கினு மட்டும் வந்து நிக்காதே.

பருப்புல சர்க்கரை போடற ஊருன்னு பட்டினி கிடக்காதே, ஊறுகாய் ரயில் பார்சல்ல வருது, மூடியை ஈரக் கையால திறக்காதே, அதை உனக்கு நான் சொல்லத் தேவை இல்ல. நீ தொட்டது துலங்கட்டும், தொடக்கூடாதது உன்னைத் தொடாம இருக்கட்டும். எப்பவும் கடுதாசிக்குள்ள திருநீறு மடிச்சு வைப்பேன். இந்தத் தடவையும் மடிச்சேன், பிரிச்சு எடுத்துட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல, உதறித் தேடாதே.

இப்படிக்கு,
வெறுங்கையோட உன்னை வாழ்த்தற அம்மா,
ந. தில்லையம்மாள்