வேலிக்கு அந்தப் பக்கம்

சான் ஹோசே
ஆகஸ்ட் 3, 1997

அன்புள்ள தம்பி எலியேசர்,

நீயும் என் செல்ல மகள் ஹெய்செலும் வயிறாரச் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்பித்தான் இங்கே ஒவ்வொரு கவளமும் எனக்கு இறங்குகிறது. இதை பஸ் டிரைவர் உம்பெர்த்தோவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் வேலை செய்யும் மார்செலா அம்மா வீட்டில், பிள்ளை வளர்ப்பைப் பற்றி டாக்டர் எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பையன் ஃபாபியானைத் தூங்கவைத்துவிட்டு அதைப் படிக்கிறேன். அவனுக்கும் நம் ஹெய்செல் வயதுதான், பத்து. இந்த வயதுப் பிள்ளைகள் தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டுமாம். தினமும் பழம் வேண்டுமாம். கேள்வி கேட்டால் அதட்டாமல் கூட உட்கார்ந்து பதில் தேட வேண்டுமாம். போன வாரம் ஃபாபியான், “நிலா ஏன் நம்ம கூடவே வருது?” என்று கேட்டான். இரண்டு பேரும் தோட்டத்தில் முன்னும் பின்னும் ஓடிப் பார்த்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

ஹெய்செலையும் அப்படி வளர்க்க வேண்டும், தம்பி. ஆனால் ஏரிப் பக்கம் விடாதே. வெயிலில் அலையவும் விடாதே.

உன்னை மட்டுமே நம்பியிருக்கும்
அக்கா தமாரிஸ்

*

சபோவா
ஆகஸ்ட் 17

அக்கா,

கடுதாசி வந்துச்சு. உம்பெர்த்தோ அதுல காபியக் கொட்டிட்டான். அப்படியும் எழுத்து அழியல, என் கெட்ட நேரம்.

ஓடணுமா? உன் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கே ட்ரெய்லர் லாரிங்களுக்கு நடுவுல ஓடித்தான் போறா. பழமா? பக்கத்து வீட்டு கொய்யா மரத்த விட்டு எறங்க மாட்டேங்கிறா. அந்த வீட்டுக்காரி, “ஏண்டா, உங்க வீட்டுல பொண்ணு வளக்குறீங்களா, கொரங்கு வளக்குறீங்களா?”ன்னு கேக்குறா. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன்.

கேள்வியா? ஏரித் தண்ணி உப்பே இல்லையே, அதுல சுறா எப்படி இருக்குன்னு கேட்டா. நான் பள்ளிக்கூடத்துலேர்ந்து பாதியில ஓடி வந்து, எல்லையில வரிசை கட்டி நிக்குற லாரிக்காரங்களுக்குத் தண்ணி விக்கிறவன். என்னைக் கேட்டா? மீன்காரர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கடல்லேர்ந்து ஆத்து வழியா ஏறி வருதுன்னு சொன்னாரு. அதுக்கு முன்னாடி போன்ல உன்னைத்தான் கேட்டா. “காசு ஓடுதும்மா, அப்புறம் சொல்றேன்”னு வச்சுட்ட. நிலாவுக்கு நேரம் இருக்கு, சுறாவுக்கு இல்ல.

சரி, சண்டைக்கு எழுதல. சேதி இருக்கு. சுதந்திர தினத்துக்கு நாடு நாடா கை மாறி வர்ற ஜோதி இந்த வருஷமும் வருது. வகுப்புல முதலா வந்த பிள்ளைங்கதான் அதைத் தூக்கிட்டு ஓடுவாங்கன்னு உனக்கே தெரியும். எங்க ஊரு பள்ளிக்கூடத்துக்கு எல்லைக்கு முன்னாடி கடைசித் துண்டு ரோடு. அதுல ஓடுறது உன் பொண்ணு. செப்டம்பர் பதிமூணு காலையில. எல்லை வேலிகிட்ட கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கோஸ்டா ரிக்கா பிள்ளைங்க கையில குடுக்கணும்.

பேர் படிச்ச அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னா: “மாமா, அம்மா அந்தப் பக்கம்தானே இருக்காங்க. வேலிகிட்ட வந்து நின்னாப் போதும்ல?”

போதும் அக்கா. உன்கிட்ட பேப்பர் இல்ல, தாண்டி வந்தா திரும்பப் போக முடியாதுன்னுதானே மூணு வருஷமா வரல. நீ தாண்டவே வேணாம். அந்தப் பக்கம் நின்னு கையை ஆட்டு. அவ்வளவுதான் கேக்குறா.

எலியேசர்

*

சான் ஹோசே
ஆகஸ்ட் 28

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். வெளியே வந்ததும் ஃபாபியான், “ஏன் கண்ணு சிவந்திருக்கு?” என்று கேட்டான். வெங்காயம் என்றேன்.

மார்செலா அம்மா விடுப்புக் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதி இரவு பஸ் ஏறிவிடுவேன். வேலியோரம் முதல் ஆளாக நான்தான் நிற்பேன் என்று அவளிடம் சொல். என்னை அடையாளம் தெரியுமா அவளுக்கு? நான் இளைத்திருக்கிறேன்.

முந்தின நாள் சீக்கிரம் தூங்க வை. காலையில் ஒரு வாழைப்பழம் கொடு. வெறும் வயிற்றில் ஓடக் கூடாது.

ஆயிரம் முத்தங்களுடன்
தமாரிஸ்

*

சான் ஹோசே
செப்டம்பர் 12

தம்பி,

கோபப்படாமல் படி. பதினான்காம் தேதி சாயங்காலம் இங்கே பிள்ளைகள் எல்லாம் விளக்குக் கூண்டு தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். ஃபாபியானும் நானும் மூன்று வாரமாக மாட்டுவண்டி மாதிரி ஒன்று செய்திருந்தோம். நேற்று மழையில் நனைந்து கூழாகிவிட்டது. புதிதாகச் செய்ய வேண்டும். “நீ போனா பையன் ஒடிஞ்சு போயிடுவான், தமாரிஸ்” என்கிறார்கள் மார்செலா அம்மா. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?

ஹெய்செல் கெட்டிக்காரி. புரிந்துகொள்வாள். டிசம்பருக்குள் மார்செலா அம்மா பேப்பர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; என்ன ஆனாலும் ஊருக்கு வந்து ஒரு வாரம் இருப்பேன். அவள் பள்ளிக்கூடத்துக்கும் வந்து டீச்சரைப் பார்ப்பேன்.

மன்னிக்கச் சொல்.

அக்கா

*

சபோவா
செப்டம்பர் 16

அக்கா,

உன் சீட்டு பதிமூணு விடியக்காலையில வந்துச்சு. வாழைப்பழம் தின்னுட்டு இருந்தவகிட்டயே சொல்லிட்டேன். ஏமாந்து ஓட வேணாம்னு. தோலை வெளிய எறிஞ்சுட்டு ஷூவ மாட்டிக்கிட்டா.

அழுகிற பிள்ளைய விட்டுட்டு வர முடியலன்னு எழுதியிருக்க. அப்ப இவ அழாததுதான் தப்பு. மூணு வருஷம் முன்னாடி பஸ் ஸ்டாண்டுலயும் இவ அழல. அழுதிருக்கணும். எப்படி அழணும்னு உன் புத்தகத்துல இல்லையா?

மழை கொட்டுச்சு. ஜோதிய அணையவிடாம ஓடினா. நல்லாத்தான் ஓடினா. வேலி பக்கத்துல வந்ததும் மெதுவாயிட்டா, அந்தப் பக்கம் நின்ன ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டே வந்தா. வரமாட்டன்னு தெரிஞ்சும் பாத்தா. டீச்சர் பின்னாடியிலேர்ந்து, “ஓடு பொண்ணே, என்ன வேடிக்க”ன்னு கத்துனாங்க. ஓடிப்போய் குடுத்துட்டா.

அப்புறம் நடந்ததுதான் நீ கேக்கணும். கூட இருந்த பசங்க, “எங்கடி உங்கம்மா? வர்றாங்கன்னு பீத்திக்கிட்டியே”ன்னு சுத்தி நின்னாங்க. இவ கையை நீட்டி, “அதோ, மஞ்சக் குடை, அதான் எங்கம்மா”ன்னா. யாரோ ஒரு பொம்பள. இவ கையாட்டினா. பசங்க எல்லாரும் ஆட்டினாங்க. டீச்சரும் ஆட்டினாங்க. அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் புரியல, ஆனா நல்லவ போல, அவளும் கையாட்டினா. ரொம்ப நேரம் ஆட்டினா.

நீ போன பின்னாடிதான் நாங்க இந்த ஊருக்கு வந்தோம். உன் மூஞ்சிய இங்க யாரும் பாத்ததில்ல. டீச்சர் என்கிட்ட, “அவங்கம்மா நல்ல உயரம்”னு சொன்னாங்க. ஆமான்னேன்.

வீட்டுக்கு வர்ற வழியில கேட்டேன், “ஏண்டி அப்படிச் சொன்ன?” அவ சொன்னா, “வந்தாங்கல்ல மாமா. எல்லாரும் பாத்தாங்கல்ல.”

அதனால டிசம்பர்ல வராத அக்கா. பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவே வராத. நீ குள்ளம். வந்தா அவ பொய்க்காரி ஆயிடுவா.

எலியேசர்