சிவப்பு ஒட்டுப் போட்ட செருப்பு

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். நானும் பாப்பாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால், ஜெபிப்போம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

நீங்கள் ஊருக்குப் போனதிலிருந்து இந்தத் தெரு இன்னும் இறுகிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் குப்பை. நான் துணி காயப்போடும் நேரம் பார்த்துத்தான் மாடிக்காரி பாய் உதறுகிறாள். கடைக்காரர் எனக்கு மட்டும் சர்க்கரை இல்லை என்கிறார். எனக்குப் பின்னால் நிற்பவளுக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாப்பா பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இதெல்லாம் தெரிந்துதானே இங்கே ஊழியத்துக்கு வந்தோம், இதற்கு நான் அழவில்லை.

தையல்காரி விஷயம்தான் என்னைத் தின்கிறது.

நம் முன்னறையில் சபை ஆரம்பித்தபோது முதலில் வந்தவள் அவள். வாசலில் செருப்புக் குவிந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று, வருகிறவர்கள் கையில் எடுத்துவந்து உள்ளே சுவரோரம் வைப்பது நம் வழக்கம். பாட்டைக்கூட வாயசைத்துத்தான் பாடினோம். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த மனுஷர், கிளம்பும் முன் கடைசிக் கூட்டத்தில் போட்டோ எடுத்தீர்கள். வேண்டாம் என்றேன். முகம் தெரியாது, முதுகு மட்டும்தான் என்றீர்கள். முகம் சரி. சுவரோரம் இருந்த செருப்பு கண்ணில் படவில்லையா? அவள் செருப்பு வாரில் தானே தைத்துப் போட்ட சிவப்புத் துணி ஒட்டு, படத்தில் பளிச்சென்று தெரிகிறது.

அதை மிஷனுக்குக் காணிக்கை தருகிறவர்களுக்குப் போகும் ஜெபக் கடிதத்தில் போட்டீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் இந்த ஊர்ப் பெயரோடு இணையத்தில் ஏற்றிவிட்டான். சுற்றிச் சுற்றி இந்தத் தெருவுக்கே வந்துவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் கடிபட்டது உங்கள் மடி இல்லை.

நீங்கள் போன மறுவாரம் கூட்டம் நடக்கும்போது வீட்டு ஓனர் கதவைத் தட்டினார். தையல்காரி பயந்துபோய்ப் பின்வாசல் வழியாக வெறுங்காலோடு ஓடிவிட்டாள். செருப்பு இங்கேயே தங்கிவிட்டது. வழியில் வார் அறுந்தது, எறிந்துவிட்டேன் என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அப்புறம்தான் அவன் படத்தைப் பார்த்தான்.

போன வியாழக்கிழமை அண்ணன்களைக் கூட்டிக்கொண்டு வந்து, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். இது என் பெண்டாட்டி செருப்பு, அவள் இங்கே வந்தாள் என்று ஒரு வார்த்தை சொல், இன்றோடு அவளுக்கு வீடும் இல்லை பிள்ளைகளும் இல்லை என்றான். பின்னால் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

நான் பொய் சொன்னேன், அத்தான். அது என்னுடையது, சந்தையில் எல்லோரும் வாங்குகிற செருப்புதான், வார் பிய்ந்ததும் அவளிடம் தைக்கக் கொடுத்தேன், தன் செருப்பில் வைத்த அதே துணியை எனக்கும் வைத்தாள் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மூத்தவன் சிரித்தான். அப்படியானால் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து காட்டு என்றான்.

அவளுக்குச் சின்னப் பிள்ளை பாதம். என் பாதம்தான் கல்யாணத்தன்றே உங்கள் அம்மா கேலி பண்ணின பாதமாயிற்றே. விரலை மடக்கித் திணித்துப் போய்த் திரும்பினேன். குதிகால் தோல் உரிந்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை. போகும்போது ஒருவன் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

அதோடு தீரவில்லை. தினமும் என் காலைத்தான் பார்க்கிறார்கள். வேறு செருப்போடு இறங்கினால் அவள் கதை முடிந்தது. பள்ளிக்கும் கடைக்கும் அதே செருப்புதான், உள்ளே பஞ்சு வைத்துக்கொண்டு. நேற்று சந்தையில் புருஷனோடு எதிரே வந்தாள். என் காலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள், கண் நிறைந்துவிட்டது. அவன் திரும்புவதற்குள் நான் எவளோ போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. நானும் பாப்பாவும்தான் சபை.

நீங்கள் அங்கே சபை சபையாகப் போய் அந்தப் படத்தைத் திரையில் போடுகிறீர்களாம். ஜனங்கள் கண்ணீர் விட்டார்களாம். உங்கள் தங்கை போனில் பெருமையாகச் சொன்னாள். நன்றாக இருக்கிறது, போங்கள்!

படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். மேடையில் கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், என் மனைவி பொய்க்காரி என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம். அதைச் செய்யாமல் இந்த வீட்டு வாசலை மிதிக்காதீர்கள்.

செய்துவிட்டு வருவதானால், இந்தச் செருப்பை மட்டும் படம் எடுத்துக் கடிதத்தோடு அனுப்புகிறேன், அதே நிறத்தில் அதே மாதிரி ஒரு ஜோடி செருப்பு என் அளவுக்கு வாங்கி வாருங்கள். இங்கே வாங்கினால் கடைக்காரனே போய்ச் சொல்லிவிடுவான். சிவப்பு ஒட்டை நானே தைத்துக்கொள்கிறேன். இந்தத் தெருவில் நான் இன்னும் ரொம்ப நாள் நடக்க வேண்டியிருக்கிறது.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உங்கள் வாய்க்கும் ஒரு காவல் போடட்டும்.

ஜெபத்தோடும், இன்னும் ஆறாத கோபத்தோடும்,
உங்கள் மனைவி