என் கணவருக்கு ஐந்தாண்டுத் திட்டம் படிப்பித்தவருக்கு

இன்று காலை நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யாரோ கோப்பியைச் சூட்டிலேயே மறந்துவிட்டார்கள். அந்தக் கருகல் மணத்தோடு, டென்மார்க்கில் நாங்கள் முதலில் இருந்த ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் உங்கள் சமையலறை நினைவுக்கு வந்தது. பேச்சு மும்முரத்தில் நீங்களும் இப்படித்தான் கோப்பியை மறப்பீர்கள். அந்தப் பேச்சு என் கணவரோடு.

உங்கள் குரலை நான் முதலில் கேட்டது யாழ்ப்பாணத்தில், ஒரு கசெற்றில். மனைவி பிள்ளைகளை அழைக்க எங்களைப் போன்ற குடும்பங்கள் போட்ட விண்ணப்பங்கள், அமைச்சர் நிறுத்திவைத்ததால் கோப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த காலம்; பிறகு அது விசாரணைக்கு வந்தபோது தமிழ் வழக்கு என்றார்கள். இறைச்சித் தொழிற்சாலை வேலை முடிந்து அவர் உங்கள் சரித்திர மாலை வகுப்புக்குப் போய்வந்தார். விசா எப்போது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த எனக்கு, சோவியத்து ஐந்தாண்டுத் திட்டத்தில் உருக்குக்கு இலக்கு வைத்ததையும், போருக்குப் பின் பிரான்சில் முதலாளிகளையும் தொழிலாளிகளையும் ஒரே மேசையில் இருத்தித் திட்டம் போட்டதையும் பதிந்து அனுப்பினார். எல்லாம் "ரீச்சர் சொன்னவ" என்றுதான் தொடங்கும். ஒரு கசெற்றை உங்கள் வீட்டிலிருந்தே பதிந்திருந்தார். அவர் குரலுக்குப் பின்னால் நீங்கள் சிரித்தீர்கள். அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

கடைசியில் நான் வந்து இறங்கியபோது ரயில் நிலையத்தில் அவர் பக்கத்தில் நீங்கள், எனக்கொரு குளிர்கோட்டோடு. நரைத்த தலை. அதைக் கண்டும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

ஒருநாள் அவர் சைக்கிளுக்குக் காற்றடிக்க வெளியே போயிருந்தார். பொறுக்கிச் சேர்த்த டேனிஷில், அந்தத் திட்டங்களில் அவருக்கு அப்படி என்ன ஆசை என்று உங்களிடம் கேட்டேன். எனக்கு விளங்கவேண்டுமென்று மெதுவாகச் சொன்னீர்கள்:

"ஐந்து வருசத்து உருக்கைத் திட்டமிடத் தெரிந்த ஐரோப்பாவுக்கு, ஒருவனின் மனைவி எப்போது வருவாள் என்று சொல்லத் தெரியாதா என்று முதல் நாளே கேட்டார். பதிலைத் தேடித்தான் அந்த வருசம் முழுக்க அதையே படிப்பித்தேன்."

நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ, அந்தக் கேள்வியை ஒரு கசெற்றிலும் என்னிடம் சொல்லாமல் உங்களிடம் கேட்டாரே என்று இன்னும் எரிந்தது. அடுத்த முறை வகுப்புத் தொடங்கியபோது நானும் பேர் கொடுத்தேன், உங்கள் இருவர் பேச்சுக்குள் நுழைவதற்காகவே. உங்களோடு வாதாடி வாதாடித்தான் எனக்கு டேனிஷ் வந்தது.

பல வருசம் கழித்து உங்கள் உடல் அடக்கத்தில் அவர் விம்மி அழுதார். தன் தாயின் சாவுச் செய்தி வந்தபோதுகூட அப்படி அழவில்லை. அங்கே நின்றும் எனக்கு அதுதான் மனதில் ஓடியது.

இப்போதும் செய்தி பார்க்கும்போது, "இதை ரீச்சரிட்டைக் கேட்கவேணும்" என்று தொடங்கி நிறுத்திவிடுவார்.

"என்னட்டைக் கேளுங்கோ" என்பேன்.

கேட்பார். மேசையில் யாரை இருத்தினார்கள், யாரைக் கேட்காமலே திட்டம் போட்டார்கள் என்று விளக்குவேன். பாதியில் அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சி எனக்கானதல்ல என்று தெரியும். என் வாயில் வருவதெல்லாம் உங்கள் சொற்கள்.