அல்-மிஜ்தாஃப் என்றே எழுது

அண்ணை,

இன்று காலை வாஷிங் மெஷினைத் திறந்ததும் ஈரப் புல்லும் சேறும் சோப்பும் கலந்த ஒரு வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே பதினான்கு மஞ்சள் சேட்டுகள். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு கறுப்புத் துடுப்பு. லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டுக் குசினியில் நின்றபடி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பின்னால் நின்ற என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இருவது வருசமா எங்கட கழகத்தின்ர சேட்டெல்லாம் நான்தான் தோய்க்கிறன். ஒருநாள் இந்த மெஷினைத் தொட்டிருப்பீங்களே? இப்ப எதிர் டீமின்ர சேட்டைத் தோய்ச்சு மணந்து பாக்கிறீங்கள். உங்களுக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்" என்றேன். நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கும்போது அதற்கு நான் ஒழுங்காக மன்னிப்புக் கேட்கவில்லை.

நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது ஆங்கிலம். உங்கள் சூடான் ஆங்கிலத்தில் அரபு இழுக்கும், என்னுடையதில் மன்னார் இழுக்கும். ஆனால் என் நினைவில் நீங்கள் சுத்தமான மன்னார்த் தமிழில்தான் பேசுகிறீர்கள். இதற்கும் கோபிக்காதீர்கள்.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சனில், ட்ரே அடுக்கும் லைனில், ஒன்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் கேட்டேன், எந்த டீம் என்று. இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏதாவது ஓர் இங்கிலீஷ் உதைபந்தாட்டக் கிளப்பின் பெயரைச் சொல்ல வேண்டும். நீங்கள் கையுறையைக் கழற்றாமல் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"எனக்கு ஒரு டீம் இருக்கு. நான் பிறக்க முந்தியே இருந்தது. ஓம்துர்மான் அல்-மிஜ்தாஃப்."

நான் கேள்விப்பட்டதே இல்லை என்று சிரித்துவிட்டேன். அதன் பிறகு சாப்பாட்டு நேரம்வரை நீங்கள் ட்ரேக்களைப் படார் படாரென்று அடுக்கினீர்கள். அப்புறம் கன்ரீன் மேசையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, கரண்டிகளையும் தயிர்க் கோப்பைகளையும் பரப்பி வைத்தீர்கள். "இது எங்கட ஊர் ஓம்துர்மானில ஓடுற நைல். இது படகுகட்டுற இடம். இது வெள்ளைக்காரர் விளையாடுற மைதானம். இப்ப சிரி பாப்பம்" என்றீர்கள்.

அந்தக் கதையை எத்தனை தடவை சொன்னீர்களோ எனக்குக் கணக்கில்லை. உங்கள் பாட்டனார் காலம். படகு கட்டும் பட்டறையில் தொழில் பழகிய பெடியன்கள், வேலை முடிந்து ஆற்று மணலில் துணிப் பந்து உதைத்தவர்கள். வெள்ளைக்கார அதிகாரிகளின் டீமோடு மோத ஆள் போதாமல் போக, இவர்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களே ஒரு பெயரும் வைத்து எழுதிவிட்டார்கள்: 'யார்ட் போய்ஸ்', அதாவது பட்டறைப் பெடியன்கள். இவர்களோ சாக்குப் போன்ற முரட்டுத் துணியில் சேட்டுத் தைத்து, மஞ்சளில் தோய்த்து, படகுக்குப் பூசும் தாரால் நெஞ்சில் துடுப்புக் கீறிக்கொண்டு போய் நின்றார்கள். மிஜ்தாஃப் என்றால் துடுப்பு. அந்தப் பெயரில் விளையாட விடமாட்டோம் என்றார் அதிகாரி. அப்படியென்றால் விளையாட்டே இல்லை என்று பதினொரு பேரும் திரும்பி நடந்தார்கள். ஊரும் பின்னால் நடந்தது. அதன் பிறகு அவர்கள் மணலில்தான் விளையாடினார்கள், சனம் மணலில்தான் நின்றது, அதிகாரிகளின் மைதானத்தில் பார்க்க ஆளில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் பதிவுப் புத்தகத்தில் அந்தப் பெயரை எழுதினார்கள்.

"நாங்கள் கோப்பை வெண்டது குறைவு" என்பீர்கள் சிரித்தபடி. "பச்சைக்காரர் எங்களை அடிச்சு நொருக்கியிருக்கிறாங்கள். ஆனா ஒருத்தனும் எங்களுக்குப் பேர் வைக்கேல்லை."

பச்சைக்காரர் என்றால் பக்கத்துப் பேட்டைக் கிளப். ஒரு கிறிஸ்மஸுக்கு நான் நல்ல பச்சை நிற ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தபோது, பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு என்னில என்ன கோபம்?" என்று கேட்டீர்களே! அது இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. நல்ல சூடு.

பிறகு உங்கள் நாட்டில் சண்டை தொடங்கியது. மைதானத்தில் ஆயுதக்காரர் முகாம் போட்டார்கள் என்றும், கிளப் வீட்டின் கதவு நிலையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்றும் போனில் செய்தி வந்தது. விளையாட்டுக்காரர்கள் கெய்ரோவுக்கும் போர்ட் சூடானுக்கும் சிதறிப் போனார்கள். நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அடுத்த ஷிப்டுக்கு கிளப்பின் மஞ்சள் சால்வையை யூனிஃபோர்முக்கு மேலேயே போட்டு வந்தீர்கள். சூப்பர்வைசர் கழற்றச் சொன்னார். கழற்றி இடுப்பில் கட்டினீர்கள்.

ஒரு வருடத்துக்குள் இங்கே ஒரு பதினொன்றைச் சேர்த்தீர்கள். சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஹோட்டலில் காத்திருந்தவர்கள், பார்மசியில் வேலை செய்யும் உங்கள் மருமகன் இட்ரிஸ். "உங்கட கோடைகால டோர்னமென்டில எங்களையும் சேருங்கோ" என்று கேட்டீர்கள். அது இலங்கையிலுள்ள எங்கள் ஊர்களின் பெயரில் லண்டனில் இயங்கும் ஊர்க் கழகங்கள் மட்டும் ஆடும் போட்டி. நான் அதன் செயலாளர். கமிட்டியோடு மல்லுக்கட்டச் சோம்பல் பட்டு, சுலபமான ஒரு வழி கண்டுபிடித்தேன். விருந்தினர் அணி என்று ஒரு இடம் வைத்து, அட்டவணையில் 'சூடான் நட்பு அணி' என்று அழகாக டைப் அடித்துக் கன்ரீனுக்குக் கொண்டுவந்தேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

வாசித்தீர்கள். தாளை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டீர்கள்.

"நூறு வருசம் கழிச்சு நீயும் எனக்குப் பேர் வைக்கிறியோ?"

"அண்ணை, ஒரு பேர்தானே. முதல்ல உள்ளுக்க வாங்கோ, பேந்து பாப்பம்."

"பேரை வாசல்ல கழட்டி வைச்சிட்டு உள்ளுக்க வாறவன் நானில்லை."

எழுந்து போனீர்கள். மூன்று கிழமை பக்கத்தில் நின்று ட்ரே அடுக்கினோம், வணக்கத்தோடு சரி. நானும் ரோஷக்காரன், விட்டுக்கொடுக்கவில்லை. நான்காவது கிழமை இட்ரிஸ் போன் எடுத்தான். உங்களுக்கு மாரடைப்பு. பஸ் தரிப்பிடத்தில். மையவாடியில் கடைசி வரிசையில் நின்று, எல்லாரோடும் சேர்ந்து மூன்று பிடி மண் போட்டேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, அண்ணை. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் ஹோலில் கமிட்டிக் கூட்டம். நான் அட்டவணையைத் திருத்தி, பதினாறாவது இடத்தில் ஓம்துர்மான் அல்-மிஜ்தாஃப் என்று எழுதிக்கொண்டு போனேன். தலைவர் மரியதாஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதென்ன ஐசே? ஊர்க் கழகங்களுக்கு மட்டும் எண்டுதானே சட்டம்?"

"அதுவும் ஊர்க் கழகம்தான். அவையின்ர ஊர்."

"அங்க இப்ப மைதானமும் இல்லை, ஆக்களும் இல்லையாம். இல்லாத கழகத்தை எப்பிடிச் சேர்க்கிறது? நட்பு அணி எண்டு போடுவம். அவங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் பிரச்சினை இல்லை."

ஒரு மாதத்துக்கு முன் நான் சொன்ன அதே பேச்சு. இன்னொருவர் வாயால் கேட்டபோது எனக்குக் கூசியது. அலுமாரியைத் திறந்து பழைய ஃபைலை எடுத்தேன். எங்கள் ஊரில் ஒரு குஞ்சு குருமான்கூட இல்லாமல், ஆமி மட்டும் குடியிருந்த வருடங்களின் அட்டவணைகள். ஒவ்வொன்றிலும் எங்கள் கழகத்தின் பெயர் இருந்தது. அவர் முன் வைத்தேன்.

"அப்ப எங்கட மைதானத்தில என்ன இருந்தது? முள்ளுக்கம்பி. ஊரில ஆர் இருந்தது? ஒருத்தருமில்லை. இல்லாத ஊரின்ர பேரில நாங்கள் லண்டனில விளையாடினம். ஆராவது எங்களை நட்பு அணி எண்டு சொல்லியிருந்தா நீங்கள் சும்மா விட்டிருப்பியளோ? இவையை வெட்டுறதெண்டா எங்கட கழகத்தையும் வெட்டுங்கோ. நானே வெட்டித் தாறன்."

மரியதாஸ் அந்தப் பழைய தாளைக் கையில் எடுத்து எங்கள் கழகத்தின் பெயரை வாசித்தார். அந்த வருடங்களில் எங்கள் கோல்கீப்பர் அவர்தான். தாளை ஃபைலுக்குள் வைத்துவிட்டு, "ஸ்பெல்லிங்கைச் சரியாப் போடும்" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, போட்டி நாளில், உங்கள் பதினொன்று மஞ்சளில் வந்து நின்றது. கூடவே மூன்று உபரி ஆட்டக்காரர். கொத்து ரொட்டிக் கடைக்காரர்கூடக் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். சிறப்பு விருந்தினராக வந்தவர் மேடையில் ஏறி எல்லாக் கழகங்களையும் வரவேற்றார். கடைசியில் தாளைப் பார்க்காமலே, "அத்துடன் எமது ஆபிரிக்க நண்பர்களின் அணியும்" என்று சொல்லிவிட்டு, கைதட்டலுக்காக நிறுத்தினார். சனமும் தட்டத் தொடங்கியது. இட்ரிஸ் தலை குனிவதைக் கண்டேன்.

நான் ஏறிப்போய் அந்த மனிதரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். ஓம், பிடுங்கினேன். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவையளுக்குப் பேர் இருக்கு. ஓம்துர்மான் அல்-மிஜ்தாஃப்" என்றேன். விளங்காதவர்களுக்காக இன்னொரு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லும்போது மைதானத்திலிருந்து உங்கள் பெடியன்களும் கத்தினார்கள், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகு தோற்றுப்போனார்கள், மூன்றுக்கு ஒன்று. எங்கள் கழகத்திடம்தான். நான் எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் இருந்திருந்தால் என் முகத்துக்கு நேரே திட்டியிருப்பீர்கள். ஆட்டம் முடிந்ததும், தோய்த்துத் தருகிறேன் என்று சொல்லி அவர்களின் சேட்டுகளை இட்ரிஸிடம் வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு மரியதாஸ் வந்து, விருந்தினருக்கு முகம் கறுத்துப்போச்சு, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிப் போடும் என்றார். மேசையில் தாளும் பேனையும் இருந்தன. நான் எழுத வேண்டிய மன்னிப்பு ஒன்று இருந்தது. அதை இந்தக் கடிதத்தில் உங்களுக்கு எழுதிவிட்டேன். மற்றதை எழுத மாட்டேன், அண்ணை. அடுத்த வருடமும் யாராவது பெயரை மாற்றிச் சொன்னால், மைக்கை மறுபடியும் பிடுங்குவேன்.