அலுமாரிக்குள் பூட்டிய மருந்து

2003 ஆவணி 9, அக்கராயன்

சுவிசிலிருந்து வந்திருக்கும் மகன், ஹெரோயினை விட்ட நாளிலிருந்து அந்த ஏக்கம் திரும்ப வராமலிருக்க, அங்குள்ள வைத்தியர் கொடுத்த மெதடோன் என்ற மருந்தைக் காலைதோறும் குடிக்கிறான். அதை அவன் நிறுத்தும்வரை சாப்பிடுவதில்லை என்று மனைவி நேற்றிலிருந்து பட்டினி.

“அதுவும் போதைதானே! மருந்து குடிக்கிறவன் எப்பிடிச் சுகமானவன்?” என்கிறாள்.

மகன் இன்று என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். “அப்பா, நீங்கள் படிச்சனீங்கள், அம்மாவுக்குச் சொல்லுங்கோ. இது இல்லாட்டி நான் திரும்ப ஊசிக்குத்தான் போவன். ஒரே ஊசியை மாறிமாறிக் குத்தித்தான் என்ரை கூட்டாளியள் ரெண்டு பேரும் எய்ட்ஸ் வந்து செத்தவங்கள். எனக்கு இன்னும் வரேல்லை.”

சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டு குசினிக்குப் போனேன். வாடிய முகத்தோடு இருந்தாள். எய்ட்ஸ் என்ற சொல் வாயில் வரவில்லை. “தேத்தண்ணியாவது குடியுமன்,” என்று மட்டும் சொன்னேன்.

பின்னேரம் மகனே போத்தலைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டான். அவள் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அழுதழுது சோறு குழைத்துத் தானும் சாப்பிட்டு அவனுக்கும் தீத்தினாள்.

படுக்கப் போகும்போது கேட்டான்: “அப்பா, வவுனியாவுக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கு?”

“நானும் வரட்டோ?”

“வேண்டாம்.”

அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது. என்ன வாங்கப் போகிறான் என்று நான் கேட்கவில்லை.

சாவி அவளுடைய தலையணைக்குக் கீழே இருக்கிறது. எடுக்கலாம். அவள் விழித்துக்கொண்டால் அந்தச் சொல்லைச் சொல்லத்தான் வேண்டும். மகனின் அறையில் விளக்கு இன்னும் எரிகிறது.